வீட்டுக்குள்ளே வெடிமருந்து வைக்கலாமா?

(அறிவியல் பகுதி – இந்த மாதச் சிறப்புக் கட்டுரை)



தீபாவளி முடிந்ததும் நம்ம ஊரில் பாதி வீட்டில் என்ன நடக்கும்? மீந்த பட்டாசை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, "கார்த்திகைக்கு ஆகும், பொங்கலுக்கு ஆகும், கோயில் திருவிழாவுக்கு ஆகும்" என்று சொல்லி பரண் மேல் ஏற்றிவிடுவார்கள். பிறகு அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அடுத்த தீபாவளிக்குப் புதுப் பட்டாசு வரும். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி சேரும். சில வீடுகளில் சாவு ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாங்கிய நாட்டு வெடி மீந்து, சாக்குப் பையில் கட்டில் அடியில் கிடக்கும்.

வெடிமருந்தை வீட்டில் நாள்கணக்காக, வருஷக்கணக்காகப் பத்திரமாக வைக்க முடியுமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

1. நம்ம சாலையில் நடந்தது

2021 நவம்பர் 4, தீபாவளி நாள். ஒரு அப்பாவும் அவருடைய 7 வயது மகனும் வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனார்கள். வண்டியில் நாட்டு வெடி மூட்டை இருந்தது. கோட்டக்குப்பம் பகுதியில் போய்க்கொண்டிருக்கும்போதே அது வெடித்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். சாலையில் போன மற்றவர்களுக்கும் காயம். கோட்டக்குப்பம் நமக்கு எவ்வளவு தூரம்? நம்ம ஊரில் பஸ் ஏறினால் சில நிமிஷம். அது நாம தினமும் போகும் அதே சாலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, திரியைப் பற்ற வைக்கவில்லை. ஓடுகிற வண்டியில் இருந்த மூட்டை தானாகவே வெடித்தது. "பற்ற வைத்தால்தானே வெடிக்கும், சும்மா இருந்தால் என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவமே பதில்.

அதற்கு 9 நாள் முன்பு, 2021 அக்டோபர் 26 அன்று, சங்கராபுரத்தில் (முன்பு நம்ம விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்) ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. பக்கத்து பேக்கரியில் இருந்த கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. பல உயிர்கள் போயின. கடைவீதியில் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருக்கும். நம்ம வீடுகளும் அப்படித்தானே இருக்கின்றன!

2. வெடிமருந்து எப்படி வேலை செய்கிறது?

பழைய கருமருந்தில் மூன்று பொருள்கள் உண்டு: வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), கந்தகம், கரித்தூள். கரியும் கந்தகமும் எரிகிற பொருள்கள். வெடியுப்பு தானாக எரியாது, ஆனால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்கும்.

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. விறகு எரியக் காற்று வேண்டும். அடுப்பை மூடினால் அணைந்துவிடும். வெடிமருந்துக்கு வெளிக்காற்று வேண்டாம், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் போர்வை போட்டு மூடினாலும், மண்ணைக் கொட்டினாலும் அது எரிவது நிற்காது. தண்ணீர் மட்டுமே உதவும். தண்ணீர் சூட்டைக் குறைக்கும். வெடியுப்பு தண்ணீரில் கரைந்தும் போகும்.

இன்னொரு பாடம். கருமருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் 'புஸ்' என்று வேகமாக எரிந்து போகும். அதையே மூடிய இடத்தில் அடைத்து வைத்தால், எரியும்போது வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, அடைத்த பொருளையே உடைத்துக்கொண்டு வரும். அதைத்தான் 'டமார்' என்று கேட்கிறோம். அப்படியானால் டப்பாவுக்குள், டிரங்குப் பெட்டிக்குள், பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பத்திரமா? இல்லை! இறுக்கி மூடிய இரும்புப் பெட்டி ஒரு பெரிய வெடிகுண்டு மாதிரி ஆகிவிடும், தகரத் துண்டுகள் சிதறிப் பறக்கும்.

பட்டாசுகளில் கருமருந்து மட்டும் இருப்பதில்லை. சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் அலுமினியத் தூள் சேர்த்த மருந்துகள் உண்டு. அவை கருமருந்தைவிட வேகமானவை. நாட்டு வெடியில் என்ன கலந்தது என்று பெட்டி மேல் எழுதியிருக்காது, ஏனென்றால் பெட்டியே கிடையாது. உரசினாலே வெடிக்கிற மருந்து உள்ளே இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

3. அந்தக் காலத்தில் எப்படிக் காப்பாற்றினார்கள்?

ராஜாக்கள் காலத்திலும், பிறகு கம்பெனிக்காரர்கள் காலத்திலும் மருந்து இல்லாமல் பீரங்கி இல்லை. பீகார் பக்கம் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு மருந்தை வருஷக்கணக்கில் வைத்திருந்தவர்கள் அதை எவ்வளவு பயந்து வைத்தார்கள் என்று பாருங்கள்:

• மருந்துக் கிடங்கைக் குடியிருப்பை விட்டுத் தள்ளிக் கட்டினார்கள். சுவர் ரொம்பத் தடிமனாக இருக்கும்.

• காற்று போக வழி விட்டார்கள், ஆனால் நேராக விடவில்லை. தீப்பொறி பறந்து உள்ளே வராதபடி வளைந்து வளைந்து போகும் துவாரங்கள்.

• உள்ளே விளக்கு கொண்டுபோக மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளியே விளக்கு வைத்து, அந்த வெளிச்சத்தில் வேலை செய்வார்கள்.

• இரும்பு ஆணி, இரும்புச் சாமான் கூடாது. இரும்பு கல்லில் பட்டால் பொறி வருமே! அதனால் செம்பு, பித்தளை, மரம், தோல் இவைதான். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போகக் கூடாது.

• மருந்து மரப் பீப்பாயில் இருக்கும். ஈரம் ஏறி ஒரே பக்கம் கட்டி தட்டாமல் இருக்க அவ்வப்போது பீப்பாய்களை உருட்டித் திருப்பி வைப்பார்கள்.

நம்ம தமிழ்நாட்டு வரலாற்றிலும் மருந்துக் கிடங்கு உண்டு. வேலு நாச்சியாரின் படையைச் சேர்ந்த குயிலி தன் உடம்பிலேயே தீ வைத்துக்கொண்டு சிவகங்கையில் ஆங்கிலேயரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தார் என்று சொல்லப்படும் வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். அந்தத் தியாகத்தை வணங்குவோம். அதிலேயே ஒரு உண்மையும் இருக்கிறது. ஒரு படையின் மருந்து முழுவதும் போக ஒரு சின்ன நெருப்பே போதும்.

4. கிடங்குகளே தப்பவில்லை

இவ்வளவு கவனமாக இருந்தும் என்ன ஆனது?

நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஒரு ஊர். 1654 அக்டோபர் 12 அன்று அங்கே சுமார் 40 டன் மருந்து இருந்த கிடங்கு வெடித்தது. அன்று காலை ஒருவர் மருந்தைப் பார்வையிட உள்ளே போயிருந்தார். ஊரில் பெரும் பகுதி தரைமட்டம் ஆனது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் கேரல் ஃபப்ரிஷியஸ் என்ற புகழ்பெற்ற ஓவியரும் ஒருவர்.

1769-ல் இத்தாலியில் பிரெசியா என்ற ஊரில் ஒரு கட்டடத்தில் இடி விழுந்தது. அந்தக் கட்டடத்தில் மருந்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஊரில் பெரிய பகுதி அழிந்தது. அதற்குப் பிறகு, 1772-ல், இங்கிலாந்தில் பர்ஃப்ளீட் என்ற இடத்து மருந்துக் கிடங்கை இடியிலிருந்து எப்படிக் காப்பது என்று யோசிக்க ஒரு குழு போட்டார்கள். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தக் குழுவில் இருந்தார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2016 ஏப்ரல் 10 அன்று கேரளாவில் கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கை நடந்தது. வேடிக்கையின் தீப்பொறி, சேர்த்து வைத்திருந்த வெடி அறையில் விழுந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடித்த வெடியைவிட, 'பிறகு வெடிக்கலாம்' என்று எடுத்து வைத்த வெடிதான் ஆளைக் கொன்றது.

நீண்ட நாள் சேமிப்புக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. இது கருமருந்து இல்லை, அமோனியம் நைட்ரேட் என்ற இன்னொரு உப்பு. லெபனான் நாட்டில் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன்னை ஆறு வருஷமாகக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் சென்னை மணலியில் 2015-ல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே உப்பு இருக்கிறது என்று எல்லாரும் பேசினார்கள். அதே மாதம் அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

5. சிவகாசியில் எப்படி?

பட்டாசு செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் சிவகாசியில் ஒரே பெரிய கட்டடத்தில் வேலை நடக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கும். ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அளவு உண்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், ஓடி வர வசதியாக. கீழே ரப்பர் விரிப்பு. உள்ளே போகும்போது உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் தரைக்குப் போக ஒரு உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த விதிகளை மீறும்போதுதான் விபத்து வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 40 பேர் அளவில் இறந்தார்கள். தீயைப் பார்த்துவிட்டுக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த வெளி ஆட்களும் அதில் இருந்தார்கள். பட்டாசு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பதை நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

6. கிடங்கும் நம்ம வீடும் – ஒரு ஒப்பீடு

கிடங்கு: குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்கும்.
வீடு: நாமே குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருக்கிறது.

கிடங்கு: நெருப்பு, விளக்கு உள்ளே போகாது.
வீடு: கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள், பீடி, சுவிட்சுப் பொறி எல்லாம் உண்டு.

கிடங்கு: எரியும் பொருள் பக்கத்தில் இருக்காது.
வீடு: படகுக்கு வாங்கி வைத்த டீசல், மண்ணெண்ணெய், நைலான் வலை, துணிமூட்டை. நைலான் எரிந்து உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கிடங்கு: சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள்.
வீடு: தகரக் கூரைக்குக் கீழே பரண்! சித்திரை வெயிலில் அங்கே கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கிடங்கு: பயிற்சி பெற்ற ஆள் மட்டும் தொடுவார்.
வீடு: தவழ்கிற குழந்தை முதல் எலி வரைக்கும் எல்லாரும் தொடுவார்கள்.

தீபாவளிக்குப் போடும் தற்காலிகப் பட்டாசுக் கடைக்கே, மற்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டரும், கடைக்கும் கடைக்கும் நடுவில் 3 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் 2008 சொல்கிறது. கடைக்கு 50 மீட்டர் தூரம் கேட்கிறோம். நாம தூங்குகிற கட்டிலுக்கு அடியிலேயே வெடி மூட்டையை வைக்கிறோம். இது என்ன நியாயம்?

7. பழசானால் பலம் போய்விடுமா?

"நமுத்துப் போன வெடி, ஒண்ணும் ஆகாது" என்று பெரியவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நமது ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் ஈரம் அதிகம். சுத்தமில்லாத வெடியுப்பு அந்த ஈரத்தை இழுக்கும். மருந்து நமுத்துப்போவது உண்மைதான். ஆனால் நமுத்த மருந்து செத்த மருந்து இல்லை. காய்ந்தால் மறுபடியும் எரியும்.

அதைவிட மோசம், அது எப்படி எரியும் என்று சொல்ல முடியாது. திரி நின்று நின்று எரியும். 'அணைந்துவிட்டது' என்று நினைத்துக் குனிந்து பார்க்கும்போது வெடிக்கும். காகிதம் இற்றுப்போய் மருந்து வெளியே கொட்டியிருக்கும். கொட்டிய தூள் பெட்டியின் அடியில் உரசும். அலுமினியம் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டு நாள் ஆனால் உள்ளே வேதிவினை நடந்து சூடாகவும் வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய வெடி புது வெடியைவிடப் பத்திரம் என்பது தப்பு.

8. நாம செய்யும் தப்பான விளையாட்டுகள்

பெரியவர்களை மட்டும் சொன்னால் போதாது. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

அ) தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவெல்லாம் சுற்றி, வெடிக்காத வெடிகளைப் பொறுக்குவது. அது ஏற்கெனவே பாதி எரிந்த திரி. எப்போது வெடிக்கும் என்று அதற்கே தெரியாது.

ஆ) பொறுக்கிய வெடிகளைப் பிரித்து, மருந்தைப் பேப்பரில் கொட்டிக் கொளுத்துவது. குனிந்துதானே பற்ற வைப்போம்? முகத்துக்கு நேராகத் தீ வரும். கண்ணுக்கு மாற்று கிடையாது.

இ) கொட்டாங்குச்சி, தகர டப்பா, பாட்டில் இவற்றுக்குள் வெடியை வைப்பது. சத்தம் கூடும் என்பது உண்மை, அந்தச் சத்தத்தோடு சேர்த்துச் சில்லும் பறக்கும்.

ஈ) நமுத்த பட்டாசைத் தோசைக்கல்லிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்துக் காய வைப்பது. இதைச் செய்யவே கூடாது.

உ) பாண்ட் பாக்கெட்டில் வெடியும் தீப்பெட்டியும் சேர்த்துப் போட்டுக்கொண்டு திரிவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெடி வைத்து மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. கை போகும், கடலில் குஞ்சு மீனும் சாகும். அப்படி யாராவது மருந்து வைத்திருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள்.

9. அப்படியானால் என்ன செய்யலாம்?

நேரான பதில் இதுதான்: வெடிமருந்தையும் நாட்டு வெடியையும் வீட்டில் வைக்கவே கூடாது. ஒரு நாளும் கூடாது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வதும் விற்பதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். பட்டாசைப் பொறுத்தவரை:

1. அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மீதியே இல்லை என்றால் பரணுக்கு வேலை இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நம் மாநிலத்தில் தீபாவளிக்கு வெடிக்கும் நேரமே காலை 1 மணி, மாலை 1 மணி என்று வைத்தார்கள். அதற்கு எவ்வளவு தேவைப்படும்?

2. உரிமம் பெற்ற கடையில், பெயர் அச்சடித்த பெட்டியில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

3. வாங்கிய நாள் முதல் வெடிக்கும் நாள் வரை அட்டைப் பெட்டியிலேயே, நிழலான உலர்ந்த இடத்தில், அடுப்பு, சாமி விளக்கு, சிலிண்டர், எண்ணெய் இவற்றுக்குத் தூரமாக, குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். இரும்புப் பெட்டியில் பூட்டாதீர்கள்.

4. வண்டியில் கொண்டுவரும்போது கால் வைக்கும் இடத்திலோ, இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலோ, சீட்டுக்கு அடியிலோ திணிக்காதீர்கள். குழந்தையையும் பட்டாசையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

5. பழைய கடைப் பட்டாசு பரணில் இருந்தால்? நீங்கள் தொடாதீர்கள், அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் அதை வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி போட்டு ஒரு நாள் ஊற விட வேண்டும். வாளிக்கு மூடி போடக் கூடாது. ஊறியதை மறுபடியும் காய விடாமல், ஈரத்தோடே தனியாகக் கட்டி, தூய்மைக் காவலரிடம் 'இது பட்டாசு' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் குப்பையில் போட்டால் குப்பை அள்ளும் அக்காவுக்குத்தான் ஆபத்து. குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது.

6. நாட்டு வெடியோ, தூள் மருந்தோ, என்னவென்று தெரியாத மூட்டையோ இருந்தால் யாரும் அசைக்க வேண்டாம். ஊறப் போடவும் வேண்டாம். எல்லாரும் வெளியே வந்து தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது அவசர உதவிக்கு 112 போன் செய்யுங்கள். 'போலீஸ் கேட்குமே' என்று பயந்து மறைத்தால், போவது நம்ம வீட்டு உயிர்.

10. காயம் பட்டுவிட்டால்

• தீக்காயத்தை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.
• இங்க், பேஸ்ட், தோசை மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
• ஒட்டியிருக்கும் துணியைப் பிடுங்காதீர்கள்.
• கண்ணில் பட்டால் தேய்க்கவும் அழுத்தவும் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
• 108-க்கு போன் செய்யுங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்!

1. எரியும் வெடிமருந்தைப் போர்வையால் மூடி அணைக்க முடியுமா?
2. மருந்துக் கிடங்கில் இரும்பு ஆணி ஏன் கூடாது?
3. ஊறிய பட்டாசை ஏன் காய விடக் கூடாது?

(விடைகள்: 1. முடியாது. அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 2. உரசினால் பொறி வரும். 3. காய்ந்தால் மறுபடியும் எரியும்.)

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. பரணில் ஏறாதீர்கள். அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷப் பட்டாசு எங்கே வெச்சிருக்கோம்?" என்று. பல வீட்டில் அதற்குப் பதிலே தெரியாது. தேட வைப்பது நம்ம பொறுப்பு.

பட்டாசு ஒரு நாள் சந்தோஷம். அதை வருஷம் முழுக்க வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம்.



– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவர்கள், அறிவியல் மன்றம்